வாட்டுக்கு ஆறு, நமக்கு ஏழரை

ஆசிரியருக்கு வணக்கம்.

பொறியியல் முடித்து வரும் பிள்ளைகளுக்கு அடிப்படையே தெரியவில்லை என்ற புலம்பலை அடிக்கடி படிக்கிறோம். எந்திரவியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வெப்ப இயக்கவியல் (வெப்பமும் வேலையும் பற்றிய பாடம்) நடத்துகிறவன் நான். அந்த அடிப்படை எந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது என்பதை நாம் அவர்களுக்குச் சொல்வதே இல்லை. பாடப்புத்தகத்தில் அறிவியல் வரலாறு என்றால் ஒரு கட்டத்துக்குள் ஒரு படம், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அதை நடத்துவதும் கிடையாது, பரீட்சையில் கேட்பதும் கிடையாது.

உள்ளுறை வெப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்; சூடு ஏறாமலே, நீர் ஆவியாக மாறுவதற்கு மட்டும் செலவாகும் வெப்பம் அது. கொதிக்கும் நீர் ஆவியாக கிலோவுக்கு 2257 கிலோஜூல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். 1763-64இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட்டிடம் நியூகோமன் எந்திரம் என்ற பழைய வகை நீராவி எந்திரத்தின் சிறிய மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. சில தடவை ஓடும், நின்றுவிடும். கொதிகலனில் உண்டாகும் நீராவி அதற்குப் போதவில்லை. நீராவியைக் குளிர்விக்க ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் தண்ணீர் பீய்ச்சியதால் சிலிண்டரும் சேர்ந்து குளிர்ந்தது. அதை மறுபடி சூடாக்கவே பெரும்பகுதி நீராவி தீர்ந்தது. வாட் அளந்து பார்த்தார். நீராவியாக மாறிய தண்ணீர், தன்னைப்போல் சுமார் ஆறு மடங்கு எடையுள்ள கிணற்று நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோனது. காரணம் புரியாமல் பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் கேட்டார். தான் ஏற்கெனவே வகுப்பில் நடத்திவரும் உள்ளுறை வெப்பம்தான் அது என்று பிளாக் விளக்கினார்.

இந்த ‘ஆறு’ எப்படி வந்தது என்று மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்வேன்: ஒரு கிலோ தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகத் தேவையான வெப்பத்தால் 2257ஐ வகுக்க வேண்டும். நம் ஊர்த் தண்ணீரை 30 டிகிரி என்று வைத்துப் போட்டால் ஏழரைக்கு மேல் வரும். “சார், வாட் தப்பா அளந்துட்டாரா?” என்பார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது, “அது ஸ்காட்லாந்துக் கிணறு சார், குளிர்ந்த தண்ணி” என்பார்கள். 10 டிகிரி வைத்துப் போட்டால் ஆறு வந்து நிற்கும். அதற்குப் பிறகு 2257ஐ மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோவின் கதை இன்னும் முக்கியம். 1824இல் வெப்ப எந்திரங்கள் பற்றிய தன் நூலை வெளியிட்டபோது அவருக்கு வயது 28. வெப்பம் என்பது அழியாத ஒரு பாய்மம், உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல அது சூட்டிலிருந்து குளிருக்கு இறங்கும்போது வேலை செய்கிறது என்று எழுதினார். அந்தப் பாய்மக் கொள்கை தவறு. ஆனால் எந்திரத்தின் திறனுக்கான உச்சவரம்பை இரு வெப்பநிலைகள் மட்டுமே தீர்மானிக்கின்றன என்ற முடிவு நிலைத்துவிட்டது. வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறும் என்று ஆங்கிலேய இயற்பியலாளர் ஜூல் 1840களில் சோதனைகளில் காட்டினார். கார்னோவின் முடிவையும் ஜூலின் முடிவையும் பொருத்திக் காட்டியவர் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ், 1850இல். அதாவது, நாம் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்று நடத்துவதன் கரு (கார்னோவின் அந்த உச்சவரம்பு), முதல் விதிக்கு (ஆற்றல் அழியாது, உருமாறும் என்பது) முன்பே வந்துவிட்டது. புத்தகத்தின் வரிசையை மட்டும் படிக்கும் மாணவனுக்கு, இவையெல்லாம் வானத்திலிருந்து வரிசையாக இறங்கியவை என்றுதான் தோன்றும்.

சிலபஸ் முடிக்கவே நேரமில்லை என்று சக ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். நான் தனிப் பாடம் கேட்கவில்லை. ஒரு அலகுக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் பரீட்சையில் வராததை மாணவர்கள் படிக்க மாட்டார்கள். எனவே பல்கலைக்கழகங்கள் செமஸ்டர் தேர்வில், “கார்னோவின் கருதுகோள் தவறாக இருந்தும் அவர் முடிவு ஏன் சரியாக இருந்தது?” என்பது போல ஒரு பெரிய கேள்வியாவது கேட்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாக வேண்டுகிறேன்.

– எந்திரவியல் ஆசிரியர் ஒருவர், திருச்சி