வீட்டை வாடகைக்கு விடும் முகவருக்கு எவ்வளவு அதிகாரம்?

ஆசிரியருக்கு,

திருகோணமலையில் உவர்மலை, உப்புவெளிப் பக்கம் வெளிநாட்டில் இருப்போரின் வீடுகளை முகவர்களே வாடகைக்கு விடுகிறார்கள். "ஆளை நீங்களே பார்த்து விடுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னால் போதுமென உரிமையாளர் பலர் நினைக்கிறார்கள். போதாது.

வீட்டைக் காட்டுவது, அடையாள அட்டையும் வேலையிடக் கடிதமும் பார்ப்பது, முன்பிருந்த வீட்டுக்காரரிடம் விசாரிப்பது முகவர் வேலை. இரண்டு மூன்று பேரின் விபரத்தை அவர் அனுப்ப, முடிவை உரிமையாளர் எடுக்கட்டும். ஆனால் 2 நாளுக்குள் சொல்லவேண்டும். மாற்றலாகி வரும் ஆசிரியரோ தாதியோ அதற்குமேல் காத்திருக்கமாட்டார். தெரிவுக்கான நிபந்தனைகளை எழுத்தில் கொடுங்கள். சாதி, மதம் கேட்டு ஆள் கழிப்பவர்கள்கூட அதைத் தாளில் எழுதத் தயங்குவார்கள்!

கூலியிலும் கவனம் தேவை. ஒவ்வொரு புது ஆளுக்கும் ஒரு மாத வாடகை என்றால், ஆள் அடிக்கடி மாறுவதுதான் முகவருக்கு இலாபம். கிடைத்த வாடகையில் மாதாமாதம் ஒரு வீதம் கொடுத்தால் நிலைத்திருக்கும் ஆளையே தேடுவார்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். உரிமையாளருக்காக முகவர் கையொப்பமிடுவதானால் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதிக்கொடுங்கள். அதில் "சகல அதிகாரமும்" என்ற சொல் வேண்டாம். விற்கவும் ஈடு வைக்கவும் அது வழிவிடும். எந்த வீடு, குறைந்தபட்ச வாடகை, அதிகபட்சக் குத்தகைக் காலம், தத்துவம் முடியும் திகதி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். முற்பணம் நேரே உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், முகவர் கைக்கு அல்ல.

வாசகர்,
திருகோணமலை