கழுவி நிறுத்திய வண்டியும் தேதியில்லாப் படிவமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம் முதல் தொண்டி வரையிலான பாக் நீரிணைக் கரையிலும், பாம்பன் பாலத்துக்கு அப்பால் ஓலைக்குடா, சம்பை ஆகிய ஊர்களிலும் பெண்கள் காயவைத்து மூட்டை கட்டித் தரும் கடல்பாசியை எடைபோட்டு எடுக்கும் வேலையைப் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சாலையை விட்டு இறங்கினால், பாசி வளர்க்கும் மூங்கில் தெப்பங்கள் கிடக்கும் கரையைச் சேரும் கடைசி ஒரு கிலோமீட்டர் பெரும்பாலும் பனங்காட்டு மணலாகவோ உப்புப் பூத்த களராகவோ இருக்கும் என்பதால், தார்ச்சாலையிலும் மணலிலும் ஓடக்கூடிய எடை குறைந்த மோட்டார் சைக்கிள் என் போன்றோருக்கு அன்றாடப் பிழைப்புக்கே தேவைப்படுகிறது. புதிதாக வாங்க வசதியில்லாத நாங்கள் பழைய வண்டிகளைத்தான் தேடிப் போகிறோம். அந்தச் சந்தையில், வண்டியின் அடியில் துருவையும் காகிதத்தில் உரிமையாளரையும் மறைத்து விற்கும் வழக்கம் இருப்பதைப் பட்டு அறிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எடையைப் பற்றி முதலில் ஒரு சொல். 2016-இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் ஏறக்குறைய 200 கிலோ. நெடுஞ்சாலைக்கும் மலைக்கும் அருமையான வண்டி என்றாலும், மணலில் சாய்ந்தால் அதை ஒற்றை ஆளாக நிமிர்த்த என்னால் முடியாது. 2011-இல் வெளிவந்த ஹீரோ இம்பல்ஸ் 150 சிசி வண்டி இன்றும் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஓடுகிறது. ஆனால் அதன் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் உதிரிப் பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கும். எனவே எங்கள் பக்கத்தில் பழையதாக வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் அதே ஹீரோ நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எக்ஸ்பல்ஸ் 200 வண்டியிடம்தான் வந்து நிற்கிறார்கள். அதன் எடை 154 கிலோ. முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடையே 220 மில்லிமீட்டர் இடைவெளி. சக்கரம் பெரிதாக இருப்பதால் மணல் மேட்டில் முட்டி நிற்காமல் ஏறிக் கடக்கிறது. இருக்கை உயரம் 823 மில்லிமீட்டர் என்பதால் என்னைப் போன்ற குட்டையான ஆள் முன்பாதத்தை மட்டும் ஊன்றித்தான் நிற்க வேண்டும். எடை குறைவு என்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆடிக் காற்றில் பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கும்போது பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை உடம்பு முழுக்க உணரலாம். இத்தனையும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்ல வேண்டும் என்றால், நம் கரையின் அசல் மணல் வண்டி டிவிஎஸ் எக்ஸ்எல்தான். நூறு கிலோவுக்கும் குறைந்த அந்த வண்டி இரண்டு மீன் கூடைகளோடு போகாத இடமில்லை. நாள்தோறும் எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் சாலையிலும் ஓட வேண்டியிருப்பதால்தான் நான் பெரிய வண்டிக்குப் போனேன்.

இரண்டாண்டுகளுக்கு முன், கடலிலிருந்து வெகுதொலைவில் உள்ள ஓர் ஊரில், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடையில் அத்தகைய வண்டி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நான் போய் நின்றபோது வண்டியை அப்போதுதான் கழுவி வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். செயின் கவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, இருக்கையும் பிளாஸ்டிக் பாகங்களும் பாலிஷில் மின்னின. "உள்ளூர்ல டாக்டர் ஒருத்தர் ஓட்டுன வண்டி சார், மழையிலகூட எடுக்கமாட்டாரு" என்றார் கடைக்காரர். டயரைப் பார்த்தேன், மீட்டரைப் பார்த்தேன், ஏற்கெனவே சூடாக இருந்த இன்ஜினின் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினேன். 78,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்ஜின் ஏன் சூடாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. குளிர்ந்த நிலையில் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதை வாங்குபவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவும் முன்கூட்டியே ஓட்டிவைப்பார்கள் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நாற்பது நாள் கழித்து முள்ளிமுனைக்கு அருகில் மணலில் போகும்போது பின் சக்கரத்தில் 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்து செயின் பக்கம் தொங்கியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சாலையோர மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் மற்றக் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நல்ல கம்பி மணி போல ஒலிக்க, பாதிக் கம்பிகள் ஈரக் கட்டையைத் தட்டியது போலச் சத்தமே இல்லாமல் இருந்தன. கம்பியை இறுக்கும் நிப்பிளைத் திருப்ப முயன்றபோது மேலும் இரண்டு கம்பிகள் அவர் கையோடு வந்துவிட்டன. பிறகு பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அடிப்புறத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். கறுப்பு ஸ்பிரே பெயின்ட் மீன் செதிள் போல உரிந்து விழ, அதன் கீழே செம்பழுப்புத் துரு அடுக்கடுக்காக இருந்தது. செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் கவரைக் கழற்றியதும் உள்ளே கிரீஸோடு ஒட்டிக் கிடந்ததை விரலால் வழித்து என்னிடம் காட்டினார்: வெளிறிய பொடி மணல், அதில் நகக்கண் அளவு சிப்பித் துகள்கள். "இது கடல்ல இறங்கி வந்த வண்டிண்ணே, டாக்டர் ஓட்டுன வண்டி இல்ல" என்றார். அலை மோதும் ஈர மணலில் படம் பிடிப்பதற்காக வண்டி ஓட்டுபவர்களை இன்று தனுஷ்கோடிப் பக்கம் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த வண்டிகளில் சில உள்நாட்டு ஊர்களுக்குப் போய், கழுவிக் குளித்து, நம்மிடமே திரும்பி வருகின்றன.

ஆகவே வாங்க நினைப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, கழுவிய வண்டியைப் பார்க்கப் போகாதீர்கள் என்பதே. முன்கூட்டியே சொல்லி, கழுவாமலும் ஸ்டார்ட் செய்யாமலும் வைத்திருக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த வண்டியைப் பாருங்கள். தரையில் ஒரு சாக்கை விரித்து, டார்ச் விளக்கோடு மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டு பற்றவைக்கப்பட்ட இடம், சைலன்சரின் பெண்டு பைப், பேட்டரித் தட்டு, பின் மட்கார்டைத் தாங்கும் சட்டம் ஆகிய இடங்களில்தான் உப்பு முதலில் உட்காருகிறது. மற்ற இடமெல்லாம் பழையதாக இருக்க, ஓரிடம் மட்டும் புதுக் கறுப்பாக இருந்தால் அங்கேதான் சுரண்டிப் பார்க்க வேண்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் விரல் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால், அரிப்பினால் உண்டான சிறு குழிகள் நகத்தில் இடறும். ஆயில் கசியாமல் தடுக்கும் சீலை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் குழிகள் அதைக் கிழித்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் மூடியைத் திறந்து டாங்கின் உட்சுவரில் துரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வயர் கப்ளர்களில் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தால், அந்த வண்டி எந்த நாளில், எந்த இடத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால், ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் போய்விட்டது என்று பொருள். அது மாற்றக்கூடிய செலவுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். மீட்டரில் காட்டும் கிலோமீட்டருக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. மணலில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி ஓடிய ஐயாயிரம் கிலோமீட்டர், கிளட்ச் பிளேட்டுக்குச் சாலையில் ஓடிய இருபதாயிரத்தைவிடக் கொடியது.

ஸ்போக்ஸ் சக்கரம் என்பதால் டியூப் டயர்தான் வரும். சீமைக் கருவேல முள் இல்லாத பாதை நம் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? ஊருக்கு ஊர் பஞ்சர் கடை இருந்தாலும், 21 அங்குல முன் டியூப் சிறு ஊர்க் கடைகளில் எனக்குக் கிடைத்ததில்லை. ஒன்றை வாங்கி இருக்கைக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறேன். வாங்கிய பிறகு வண்டியைக் கழுவுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடலிலிருந்து வந்ததும் கழுவ வேண்டும் என்று எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீரே உவர். அதில் கழுவிவிட்டுக் காயவைத்தால் வெள்ளைப் படலம்தான் மிஞ்சுகிறது. காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்துச் சக்கரக் கம்பிகளுக்கும் செயினுக்கும் அடிச்சட்டத்துக்கும் மட்டும் ஊற்றித் துடைக்கிறேன். குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதைப் பார்த்து என் தாயார் இன்றுவரை முணுமுணுக்கிறார்.

துருவுக்குச் செலவான பணம் எட்டாயிரத்துச் சொச்சம். காகிதத்தினால் உண்டான அலைச்சல் அதைவிடப் பெரிது. கடைக்காரர் என்னிடம் கொடுத்தது ஆர்.சி.யும், விற்பவர் கையெழுத்து மட்டும் இடப்பட்டுத் தேதி, வாங்குபவர் பெயர் எதுவும் எழுதப்படாத, உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவையுமே. ஆர்.சி.யில் இருந்த பெயர் நம் மாவட்டத்துக் கரையூர் இளைஞர் ஒருவருடையது. அவர் வண்டியை விற்றுவிட்டு வளைகுடா நாட்டுக்குப் போய் ஒன்றரை ஆண்டாகியிருந்தது. இடையில் இரண்டு கைகள் மாறியும் பெயர் மாறவில்லை. பெயர் மாற்றத்துக்கு இணையவழியில் விண்ணப்பித்தபோது, பதிவில் உள்ள கைப்பேசி எண்ணுக்குத்தான் ஓடிபி போகும் என்றார்கள். அந்த எண்ணோ அவர் வெளிநாடு போனதும் செயலிழந்துவிட்டது. போதாக்குறைக்கு, கடன் அடைந்த பிறகும் ஆர்.சி.யில் இருந்த ஹெச்.பி. என்னும் கடன் குறிப்பு நீக்கப்படவில்லை, அதை நீக்கக் கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் தேவைப்பட்டன. அந்த இளைஞரின் வீட்டைத் தேடிப் போனபோது, அவருடைய தாயார் என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, எப்போதோ வந்த அபராத நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் காட்டினார். வேறு யாரோ தலைக்கவசம் இல்லாமல் ஓட்டியதற்கு அவருடைய மகன் பெயரில் வந்தது அது. அந்த அம்மா மகனோடு பேசி, ஊருக்கு விடுமுறையில் வந்தபோது அவரை அனுப்பிவைத்ததால்தான் ஏழாம் மாதத்தில் வண்டி என் பெயருக்கு வந்தது.

இதில் விற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டியைப் பல கைகள் மாற்றி விற்றுவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவருக்கும் பாதுகாப்பு முழுமையாக இல்லை. மூன்றாம் தரப்புக் காப்பீடு வண்டியோடு சேர்ந்தே மாறியதாகச் சட்டம் கருதினாலும், சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறுவதில்லை; 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

"பேரு மாத்துறது ஒரு வாரம் சார், நாங்க பாத்துக்கிறோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தை முழுவதும் கொடுத்தது என் தவறு. மத்திய அரசின் போக்குவரத்துத் துறைக்கான பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துக் கடன் குறிப்பு, காப்பீடு முடியும் நாள், நிலுவை அபராதம் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதை நான் செய்யவில்லை. இப்போது கேட்பவர்களிடம், ஆர்.சி.யில் உள்ளவரோடு கைப்பேசியில் பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்றும், பெயர் மாறும்வரை ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறேன்.

ஆயினும் வாங்குபவரின் எச்சரிக்கையிடமே எல்லாவற்றையும் விட்டுவிடுவது முறையாகாது. பழைய வண்டி விற்கும் கடைகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அதன்பின் வண்டிக்கான பொறுப்பு கடைக்காரருடையது என்றும் மத்திய அரசு 2022 டிசம்பரில் வெளியிட்ட விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. நான் வண்டி வாங்கிய கடையில் அத்தகைய சான்று எதுவும் என் கண்ணில் படவில்லை. கேட்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. நம் மாவட்டத்தில் அங்கீகாரம் பெற்ற கடைகளின் பட்டியலை வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் ஒட்டவும், அச்சான்றைக் கடைகளில் வாங்குபவர் கண்ணில் படும்படி மாட்டச் செய்யவும் அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருவோர் பெரும்பாலும் பெருநாள், திருவிழாக் காலங்களில் ஓரிரு வாரங்களே ஊரில் இருக்கிறார்கள்; அந்நாட்களில் கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் பெயர் மாற்றத்துக்கும் ஹெச்.பி. நீக்கத்துக்கும் மட்டும் ஒருநாள் முகாம் நடத்தினால், தேதி எழுதப்படாத படிவங்களோடு ஓடிக்கொண்டிருக்கும் பல வண்டிகள் உரியவர் பெயருக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
கடல்பாசிக் கொள்முதல் பணியாளர் ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.