தேருக்குப் பணம் தந்தீர்கள், வடத்துக்கு?

கணையப் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி ஒதுக்கும் நிபுணர் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கணையப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் ரத்தச் சோதனையைத் தேடி எட்டு மருத்துவமனைகள் சேர்ந்து அனுப்பிய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தமைக்கு நன்றி. பரிசோதனைக் கிட்டுகளுக்கும் ஃப்ரீசர்களுக்கும் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்திருக்கிறது. ஒருங்கிணைப்பு மையம் என்ற ஒரு தலைப்பை மட்டும் முழுவதுமாக அடித்துவிட்டு, பங்கேற்கும் நிறுவனங்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்த நோய் ஏன் பிந்தியே தெரியவருகிறது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரில் எல்லோரையும் கூப்பிட்டுச் சோதிக்க முடியாது என்பதும் தெரிந்ததே. லட்சத்தில் இரண்டு பேருக்கு வரும் நோய்க்கு, நோயில்லாத 100 பேரில் 98 பேரைச் சரியாக விடுவிக்கும் நல்ல சோதனையை வைத்துத் தேடினாலும், லட்சம் பேரில் 2,000 பேரை வீணாக ஸ்கேனுக்கு அனுப்புவோம். இந்தப் புற்றுநோய் சிலருக்கு முதலில் சர்க்கரை நோயாகத் தலைகாட்டும். அதனால்தான் 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களிடம் தேடுகிறோம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக் குழு 2005இல் வெளியிட்ட கணக்கில், அப்படிப்பட்ட 2,122 பேரில் 18 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. 100இல் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. இங்கே சர்க்கரை நோயே அதிகம் என்பதால் இந்த விகிதம் இன்னும் இறங்கலாம்.

அந்த விகிதத்தையே வைத்துக்கொள்வோம். நோய் தெரியவருவதற்கு முன் எடுத்த 60 பேரின் ரத்தம் வேண்டுமானால் 7,000 பேரைச் சேர்க்க வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு 880 பேர். அதில் நோயாளிகள் ஏழோ எட்டோ. ஏழு பேரை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. சேர்ந்தால்தான் ஆய்வு என்பது இந்த நோய் எங்களுக்கு விதித்த கட்டாயம்.

சேர்வதற்கு என்ன வேண்டும்? ஒரே மாதிரி எடுத்த ரத்தம் வேண்டும். சீரத்துக்கு, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீருக்கு, எடுத்த குழாய் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் உறைய வேண்டும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அரை மில்லியாகப் பிரித்து, மைனஸ் 80இல் வைக்க வேண்டும். 10 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய எட்டுச் சிறு குப்பிகள் தேறும். உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவுக்கு இன்னோர் எட்டு. முதல் சுற்றுக்கே 1,12,000 குப்பிகள். ஓரிடத்தில் குழாய் மேசையிலேயே நான்கு மணி நேரம் கிடக்கும். இன்னோரிடத்தில் மைனஸ் 20இல் ஒரு வாரம் இருந்துவிட்டு மாறும். சிவப்பணு உடைந்து இளஞ்சிவப்பாகிவிட்ட சீரத்தை யாரும் பதிவேட்டில் குறிக்க மாட்டார்கள். பேனாவால் எழுதிய பெயர் பனியில் அழியும். சாதாரண லேபிள் உரிந்து பெட்டியின் அடியில் கிடக்கும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. நோயாளியின் ரத்தம் அறுவைக்கு முன், வெறும் வயிற்றில், பயத்தோடு படுத்திருப்பவரிடம் எடுக்கப்படும். நோயற்றவரின் ரத்தம் மாலை முகாமில், டீ குடித்துவிட்டு வந்தவரிடம் எடுக்கப்படும். பிறகு கணினி இரண்டையும் அழகாகப் பிரித்துக் காட்டும். அது கண்டுபிடித்தது டீயை! சூலகப் புற்றுநோயை ரத்தத்திலுள்ள புரதங்களின் கோலத்தால் கண்டுபிடிக்கலாம் என்று 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரைக்கு என்ன நேர்ந்தது என்பது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். மாதிரிகளைக் கையாண்ட விதத்தின் வேறுபாடே நோயின் வேறுபாடாகத் தெரிந்திருக்கலாம் என்று மறுகணக்கு போட்டவர்கள் எழுதினார்கள்.

ஆனாலும் குழாய்களை எப்படியாவது சமாளித்துவிடுவோம். சமாளிக்க முடியாதது காலம். மூன்று ஆண்டுக்கு நிதி தந்திருக்கிறீர்கள். நெறிமுறைக் குழுக்களின் அனுமதிக்கும் ஒப்பந்தங்களுக்கும் முதல் ஆறு மாதம் போகும். ஆட்களைச் சேர்க்க இரண்டு ஆண்டு. கடைசியாகச் சேர்ந்தவரை மூன்று ஆண்டு தொடர வேண்டும். ஆக ஐந்தரை ஆண்டு. புற்றுநோய்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும் நேரத்தில், அதாவது குப்பிகளுக்கு மதிப்பு வரும் நேரத்தில், திட்டம் முடிந்துவிடும். ஒருங்கிணைப்பாளருக்கு அதற்கு முன்பே 11 மாத ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போயிருக்கும். தொடர்வது என்றால் போன் போடுவது மட்டுமல்ல. எடை, வயது, சர்க்கரை மூன்றையும் வைத்து ஆபத்தைக் கணிக்கும் எண்ட்பேக் மதிப்பெண்ணுக்குப் பழைய எடையும் பழைய சர்க்கரை அளவும் தேவை. அவை கணினியில் இல்லை. நோயாளியின் மஞ்சள் பையில், மடித்த சீட்டில் இருக்கின்றன. அந்தப் பையைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். எண் மாறிப்போனவரின் மகனைத் தேடிப் பிடிக்கவும், வேறு ஊரில் எடுத்த சி.டி. ஸ்கேனின் குறுந்தகட்டைக் கேட்டு வாங்கவும் அதே ஆள்தான் வேண்டும். அவர் போய்விட்டால் மிஞ்சுவது மின்சாரம் தின்னும் ஃப்ரீசர்.

ஒருங்கிணைப்பு மையத்தைத் தனித் தலைப்பில், ஆறு ஆண்டுக்கு நிதி தந்து நிலைநிறுத்துங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. இது புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் 2000இல் தொடங்கிய முன்கூட்டிக் கண்டறியும் ஆய்வு வலையமைப்புக்கும், 2016இல் கணையத்துக்கென்றே அமைத்த கூட்டமைப்புக்கும் தரவு ஒருங்கிணைப்பு அலகு தனியாகவே உண்டு. அங்கே நடப்பதைப் பார்த்துவிட்டு, முடிவை மட்டும் இறக்குமதி செய்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்துக் கணையம் அதற்கு ஒத்துவராது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதிலேயே கணையத்தில் கல் சேரும் அழற்சி நோயாளிகள் இருக்கிறார்கள். இவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு அதிகம் என்று 1994இலேயே எழுதியாயிற்று. அவர்களுடைய ஸ்கேனில் கல்லின் நிழலில் கட்டி மறைந்துவிடும். இந்தப் புற்றுநோய்க்கு ரத்தத்தில் பார்க்கும் சிஏ 19-9 என்ற பொருளின் அளவோ அழற்சியிலும் பித்த அடைப்பிலும்கூட ஏறும். லூயிஸ் ரத்தவகைப் பொருள் இல்லாதவர்களுக்கு அது பெரும்பாலும் ஏறாது. இவர்களை வைத்துச் சரிபார்க்காத சோதனை இங்கே எதற்கு?

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று ஒவ்வொரு கலந்தாய்விலும் கேட்டாயிற்று. அந்தக் கலந்தாய்வுகளில் பூங்கொத்துக்கும் நினைவுப் பரிசுக்கும் பிளெக்ஸ் பேனருக்கும் தலைப்பு இருக்கிறது. வடத்துக்குத்தான் தலைப்பு இல்லை. இயந்திரம் வாங்கினால் புகைப்படம் எடுக்கலாம். பதிவேட்டைச் சரிபார்ப்பவரை என்னவென்று படம் எடுப்பது!

வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்க வேண்டும். கேட்பது 11 பேரின் சம்பளம்: ஒரு புள்ளியியலாளர், ஒரு தரவு மேலாளர், ஒரு மாதிரிப் பொறுப்பாளர், மருத்துவமனைக்கு ஒருவராக எட்டு ஒருங்கிணைப்பாளர்கள். அதோடு உலர்பனிப் பெட்டிக்கான கூரியர் செலவு, ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் இடத்திலும் நேரடித் தணிக்கை. மையம் இருந்தால் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தங்கள் எட்டு. இல்லாவிட்டால் எட்டுப் பேரும் ஒருவரோடு ஒருவர் போட வேண்டியவை 28. நோயாளி யார், நோயற்றவர் யார் என்ற திறவுகோலும் எங்கள் எட்டுப் பேரில் எவரிடமும் இல்லாமல் மையத்திடமே இருக்க வேண்டும். எங்களையே நாங்கள் நம்பாமல் இருப்பதுதான் இந்த ஆய்வின் முதல் விதி.

அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இந்த ஒரு தலைப்பைத் திரும்பச் சேர்த்து, ஆறு ஆண்டுக்கு ஒப்புதல் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மொத்தத் தொகையை உயர்த்த முடியாது என்றால், எங்களுக்கு ஒதுக்கிய எட்டு ஃப்ரீசர்களில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். சம்மதம்.

இப்படிக்கு,
பங்கேற்கும் எட்டு மருத்துவமனைகளின் ஆய்வுப் பணிக்குழு