நடுங்கும் இளம் கைகளில் செம்பைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி, கல்லூரி வயதில் ஒருவருக்குக் கை நடுங்கினால் நம் நீலகிரியில் குளிர் என்று விட்டுவிடுகிறோம். கையெழுத்துக் கோணி, பேச்சுக் குழறினால் போதை என்கிறோம். குணம் மாறினால் காற்று கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகிறோம். அது உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயாகவும் இருக்கலாம். பரம்பரையாக வரும் மூளைச் சிதைவு நோய்களில் மருந்தால் தடுத்து நிறுத்தக்கூடியவை மிகச் சில. அவற்றுள் ஒன்றான இதைத் தவறவிடுவது பெருங்கொடுமை.

13ஆம் குரோமோசோமிலுள்ள ஏடிபி7பி மரபணு, கல்லீரல் செல்லில் செம்பை இறைத்து வெளியேற்றும் புரதத்தை உருவாக்குகிறது. அந்தப் புரதம், செம்பைச் சுமக்கும் ரத்தப் புரதமான செருலோபிளாஸ்மினில் செம்பை ஏற்றி ரத்தத்துக்கு அனுப்பும். மிச்சத்தைப் பித்தநீரில் தள்ளும். தாய் வழி, தந்தை வழி வந்த இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் செம்பு செல்லுக்குள் தேங்கி, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. கல்லீரல் தாங்காதபோது ரத்தத்தில் கசிந்து மூளையின் உட்பகுதியில் படிகிறது. உறவுக்குள் திருமணம் முடித்த குடும்பங்களில் வாய்ப்புக் கூடுதல்.

பரிசோதனையில்தான் கோட்டை விடுகிறோம். செம்பைச் சுமக்கும் செருலோபிளாஸ்மினே குறைவாக இருப்பதால், ரத்தத்தில் மொத்தச் செம்பு பெரும்பாலும் குறைவாகவே காட்டும். அதை நம்பி நோய் இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. செருலோபிளாஸ்மின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் உடலில் அழற்சி இருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் அந்த அளவு ஏறிவிடும். அதனால் 24 மணி நேரச் சிறுநீரையும் பார்க்க வேண்டும். நோய்க்குறி உள்ளவருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டிய செம்பு வலுவான சான்று. காலை முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை அத்தனையையும் ஆய்வகம் தரும் பிளாஸ்டிக் கேனில் சேர்க்க வேண்டும். உலோகப் பாத்திரம் பட்டாலோ ஒரு வேளை விட்டுப்போனாலோ கணக்கே தவறிவிடும். கருவிழி ஓரத்தில் செம்பு படிந்து உண்டாகும் பழுப்பு வளையம் வெறுங்கண்ணுக்குத் தப்பும். கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்க்க வேண்டும்.

பெனிசிலமின் என்ற மருந்து செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும். எடுத்த எடுப்பில் முழு அளவு கொடுத்தால் நடுக்கம் மோசமாகலாம். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறை. உணவிலுள்ள செம்பைக் குடல் உறிஞ்சுவதைத் துத்தநாக மருந்து தடுக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. உணவோடும் சேரக் கூடாது. ஆட்டு ஈரல், காளான், நம்மூர் சாக்லேட், செம்புக் குடத்துத் தண்ணீர் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தேறிவிட்டோம் என்று மருந்தை நிறுத்தியவர்களுக்குக் கல்லீரல் திடீரெனச் செயலிழந்திருக்கிறது.

நோயாளியின் உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. அறிகுறியே இல்லாவிட்டாலும் அவர்களைப் பரிசோதிக்க வேண்டும். அப்போதே மருந்து தொடங்கினால் மூளை தப்பும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் பெனிசிலமின், துத்தநாகம் ஆகிய இரு மருந்துகளையும் அதில் சேர்த்து, மஞ்சூர், பந்தலூர் வரை கொண்டுசேர்க்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நரம்பியல் மருத்துவர் ஒருவர்,
குன்னூர்.