நேத்துதானே சுத்தம் பண்ணேன்

மாப்ள,

எப்டி இருக்க, உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதில் போடலன்னு திட்டாத. பெரியவ பிரசவத்துக்குன்னு வீட்டுக்காரி கோயமுத்தூர் போயி மூணு மாசமாகுது, ஆம்பளப் புள்ள பொறந்திருக்கான், தாயும் புள்ளையும் சௌக்கியம். இங்க நானும் இந்த வீடும்தான். நீடாமங்கலம் ரயில்வே கேட்டு அப்டியேதான் இருக்கு, போன வாரம் கூட இருபது நிமிஷம் வெயில்ல வண்டிய வச்சுகிட்டு நின்னேன், நாம சைக்கிள்ல நின்ன அதே எடம்.

ஒரு கூத்த சொல்றேன் கேளு. போன மாசம் பையன் திடீர்னு போன் பண்ணி நாளைக்கு பேரனோட வர்றோம்ப்பான்னான். வீட்டப் பாத்தா எனக்கே கூச்சமா போச்சு. ஸ்டூல போட்டு ஏறி காஞ்ச விளக்கமாத்தால ஃபேன தட்டினேன், பரண தட்டினேன், ஒட்டடைய அடிச்சேன், மெத்த மேல விழுந்தத உதறிட்டு அதே பெட்ஷீட்ட திருப்பிப் போட்டேன். தும்மித் தும்மி மூக்கு செவந்து போச்சு ஆனா வீடு பளிச்சுன்னு இருந்துச்சு. மறுநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு பேரனுக்கு வீசிங், தூக்கிகிட்டு ஓடி நெபுலைசர் வச்சு விடிகாலம்தான் வந்தோம். டாக்டர் வீடு கடைசியா எப்ப சுத்தம் பண்ணீங்கன்னு கேட்டாரு, நான் பெருமையா முந்தாநாள்தான் சார் மூல முடுக்கெல்லாம்னு சொன்னேன், மனுஷன் சிரிச்சுட்டாரு. அதான் வந்திருக்குன்னாரு.

அவரு சொன்னதுதான் உனக்கு சொல்லணும்னு நெனச்சேன். கனமான தூசி உடனே கீழ விழுந்துரும், பொடித் தூசி மணிக்கணக்கா காத்துலயே மெதக்கும், ஃபேன் ஓடுனா இன்னும் நேரம். காஞ்ச விளக்கமாறு தூசிய எடுக்காது மாப்ள, எடம் மாத்தி விடும், அவ்ளோதான். அதுக்கு மேல மெத்தையில ஒரு பூச்சி இருக்காம், ஒரு மில்லிமீட்டர்ல கால் பங்குதான் இருக்கும், நம்ம தோல்லேர்ந்து உதிர்றத தின்னே வாழுது. கடிக்கல்லாம் கடிக்காது, அதோட எச்சம்தான் மூச்சுக்கு ஆகாது. தண்ணியே குடிக்காதாம், காத்துல உள்ள ஈரத்த உடம்பால உறிஞ்சிக்குமாம், நம்மூர்ல ஈரத்துக்கு என்ன பஞ்சம் சொல்லு. தலகாணி உறை, பெட்ஷீட்ட எல்லாம் வாரம் ஒரு தடவ 60 டிகிரி சுடுதண்ணியில தொவைக்க சொன்னாரு, வாஷிங் மெஷின்ல அதுக்கு ஒரு பட்டனே இருக்கு, ஏழு வருஷமா அத நான் தொட்டதில்ல.

வீட்டுக்காரிகிட்ட போன்ல சொன்னா, ஒரு பாட்டு வாங்கினேன், அத விடு. ஆனா அவ சொல்லிக் குடுத்த வேல இருக்கே, ஃபேனுக்கு பழைய தலகாணி உறைய மாட்டி இழுக்கணுமாம், ஒவ்வொரு றெக்கையா உள்ள விட்டு ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிச்சு இழுத்தா அழுக்கெல்லாம் உறைக்குள்ளயே விழுந்துருது. றெக்கை காத்த வெட்டிகிட்டு போற ஓரத்துல பாரு, கறுப்பா கம்பளிப் பூச்சி மாதிரி படிஞ்சிருக்கும், மத்த எடத்துல அவ்ளோ இருக்காது. அப்புறம் மேலேர்ந்து கீழ வரணும், ஈரத்துணியாலதான் தொடைக்கணும், தரைய கடைசியா. அடுப்படி ஃபேன் மட்டும் தண்ணிக்கு மசியாது, எண்ணெய்ப் பிசுக்கோட தூசி சேந்து கோந்தாயிருது, சோப்புத்தண்ணி போட்டு ஊற வச்சாதான் வழியுது. ஃபிரிட்ஜ நகத்திப் பாத்தேன், பின்னால கம்பியில ஒரு கூடை பஞ்சு, அது அடைச்சா கரண்ட் கூடத்தான் இழுக்கும், நான் கரண்ட் பில்லுக்கு கவர்மென்ட்ட திட்டிகிட்டு இருந்தேன்.

நம்ம பக்கத்துக்கு தூசி வர்றதும் கணக்காதான் வருது மாப்ள. ஆனி ஆடியில மேகாத்து வயக்காட்டுப் புழுதிய அள்ளிகிட்டு வரும். தையில சம்பா அறுப்பு, அறுப்பு மெஷின் தெருவோரம் ஓடுனா வைக்கோத் தூளும் நெல்லுச் சொணையும் ஜன்னல் கொசுவலையில அப்பிக்கும், கைய வச்சா அரிக்குது. அது முடிஞ்சா உளுந்து அடிக்கிறது. நாம என்னடான்னா போகிக்கு ஒரு நாள் தட்டிட்டு வருஷம் பூரா சும்மா இருந்தோம். அதுவும் அறுப்புக்கு முன்னாடியே தட்டியாச்சு, தூசி வர்றது அப்புறமாதான்! போகிக்கு அடிக்கிறது சாமிக்கு, மூச்சுக்கு வாராவாரம்தான். எனக்கு சனிக்கிழமை காலைல முக்கா மணி நேரம் ஆகுது, ரேடியோவ போட்டுட்டு ஆரம்பிச்சா தெரியவே மாட்டேங்குது. அப்பா போட்டோவ தொடைக்கிறப்பதான் கண்ணாடிக்குள்ள ஓரத்துல கரையான் மண்ணு பாத்தேன், இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா அவரு மீசை போயிருக்கும்.

பேரன் திரும்ப வந்து நாலு நாள் இருந்தான், ராத்திரி இருமல. அதனாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன்.

நீ சித்திரையில வர்றேன்னியே, கண்டிப்பா வா. பழைய காட்டன் வேட்டி எதாவது நஞ்சு போய் கெடந்தா தூக்கிப் போட்றாத, எடுத்துட்டு வா, தொடைக்க அத விட நல்ல துணி கெடைக்கல.

உன் பழைய பெஞ்சுக்காரன்