சாரங்கபாணி சன்னதித் தெருத் திண்ணைக்கு ஒரு நன்றி மடல்

சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தாருக்கும், கும்பகோணத்தில் அதன் சீனிவாச ராமானுஜன் மையத்தில் பணிபுரியும் எல்லோருக்கும், எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்த மற்ற அத்தனை பேருக்கும் வணக்கம்.

முப்பத்து மூன்று வருடம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு இந்த மே மாதத்தோடு ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. "எல்லோருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நான் கும்பகோணத்துப் பெண். எழுபதுகளில், பாவாடை தாவணி வயதுக்கு முன்பிருந்தே, பள்ளிக்கூடம் போவதும் வருவதும் சாரங்கபாணி சன்னதித் தெரு வழியாகத்தான். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நடப்போம். அந்தத் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. தெருவைப் பார்த்த திண்ணை, பக்கத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். மழை பிடித்துக்கொண்டால் புத்தகப் பையோடு ஏதாவது ஒரு திண்ணையில் ஏறி நிற்போம். அந்தத் திண்ணையிலும் நின்றிருக்கிறேன். அங்கே வளர்ந்தவர் யார் என்று பத்து வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அது கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு என்று, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது வகுப்பில் பேராசிரியர் சொல்லித்தான் தெரியும். அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போய் நின்றேன். கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவைத் திறந்து வைத்தவர்கள் நீங்கள். என் முதல் நன்றி அதற்கு.

1984-ல் தஞ்சாவூருக்கு வெளியே திருமலைசமுத்திரத்தில் சண்முகா பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2001-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக ஆன நிறுவனம் சாஸ்த்ரா. அதன் கட்டடங்களைப் பற்றியும் அங்கே படித்து வேலைக்குப் போனவர்களைப் பற்றியும் பெருமையாகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். என் உறவிலேயே இரண்டு பிள்ளைகள் அங்கே படித்தவர்கள். ஆனால் எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமை என்றால் 2003-ல் அவர்கள் செய்த காரியம்தான். கும்பகோணத்தில் ஒரு வளாகம் தொடங்கி அதற்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அந்த வீட்டை விலைக்கு வாங்கினார்கள். கோயிலுக்கு எதிரே போகும் தெருவில் கடையோ லாட்ஜோ கட்டினால் என்ன வாடகை வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் இடிக்கவில்லை. வீட்டை வீடாகவே வைத்தார்கள். அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கும்பகோணம் வந்து மையத்தைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்தத் திண்ணையை நான் எத்தனை முறை மிதித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது, கணக்கு டீச்சராக இருந்தும்.

உள்ளே போனவர்களுக்குத் தெரியும், அது பெரிய வீடு இல்லை. முன்னறையில் ஜன்னல் ஓரமாக ஒரு பழைய கட்டில். கூடத்தில் ராமானுஜன் சிலை. அதைத் தாண்டி அடுப்படி, கொல்லையில் கிணறு. துணிக்கடைக் கணக்குப்பிள்ளையாக இருந்த அப்பா சீனிவாச ஐயங்கார், கோயிலில் பஜனை பாடிய அம்மா கோமளத்தம்மாள் எல்லோரும் புழங்கிய இடம். பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போதெல்லாம் அவர்கள் முகத்தில் ஒன்றைப் பார்ப்பேன். "எங்க வீடு மாதிரியே இருக்கு டீச்சர்" என்பார்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வீடு நிஜமாகவே அப்படித்தான் இருக்கும். கண்ணாடிப் பெட்டிகளும் விளக்கு வெளிச்சமும் போட்டு அரண்மனை மாதிரி ஆக்கியிருந்தால் அந்த ஒரு வாக்கியம் அவர்கள் வாயில் வந்திருக்காது.

அடுத்தது பரிசு. இதைப் பற்றி நம் ஊரிலேயே பலருக்குச் சரியாகத் தெரியாது என்பது எனக்குத் தீராத ஆதங்கம். 2005 முதல் வருடந்தோறும் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசு கொடுக்கிறார்கள். 10,000 டாலர். ராமானுஜன் பாதித்த கணிதத் துறைகளில் சிறந்த வேலை செய்தவர்களுக்கு. வயது 32-ஐத் தாண்டக் கூடாது, ஏனென்றால் அவர் வாழ்ந்ததே 32 வருடம்தான்: 1887 டிசம்பர் 22 முதல் 1920 ஏப்ரல் 26 வரை. இந்த வயது வரம்பை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அதில் ஒரு பெரிய சிரமமும் இருக்கிறது. ஐம்பது வயதில் ஒருவருக்குப் பரிசு கொடுப்பது சுலபம், அவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். முப்பது வயதுக்காரரில் யார் நாளைக்கு நிற்பார் என்று கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும்.

அந்தக் கண் இருந்தது என்பதற்கு ஊரறிந்த சாட்சி உண்டு. முதல் வருடம் மஞ்சுள் பார்கவா, சென்னையில் வளர்ந்த கண்ணன் சௌந்தரராஜன் இருவருக்கும் பரிசு கொடுத்தார்கள். பார்கவாவுக்கு 2014-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறை கொடுக்கும், கணிதத்தின் மிகப் பெரிய மரியாதை அது. 2008-ல் இங்கே பரிசு பெற்ற அக்ஷய் வெங்கடேஷ், ஆஸ்திரேலியாவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. 2013-ல் பெற்றவர் ஜெர்மனியின் பீட்டர் ஷோல்ட்ஸே. இரண்டு பேருக்கும் 2018-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். 2014-ல் ஜேம்ஸ் மேனார்ட், 2017-ல் உக்ரைனில் பிறந்த மரினா வியாசோவ்ஸ்கா, இவர்களுக்கு 2022-ல். அந்த இரண்டு முறையும் பதக்கம் வாங்கிய நான்கு பேரில் இரண்டு பேரைக் கும்பகோணம் முன்னாலேயே பார்த்துவிட்டது. 2006-ல் இங்கே பரிசு பெற்ற டெரன்ஸ் டாவுக்கு மட்டும் ஃபீல்ட்ஸ் பதக்கம் சில மாதம் முந்திக்கொண்டது.

வியாசோவ்ஸ்கா செய்ததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போய் எலுமிச்சம்பழக் குவியலைக் காட்டினேன். வியாபாரி ஒரு வரிசைக்கு மேல் இன்னொரு வரிசையைக் குழிவில் பொருத்தி அடுக்குகிறார் அல்லவா, உருண்டைகளை அதைவிட நெருக்கி அடுக்க முடியாது என்று நிரூபிக்க மனிதர்களுக்குச் சுமார் நானூறு வருடம் ஆனது. இந்த அம்மா அதே கேள்வியை எட்டுப் பரிமாணத்தில் கேட்டு, 2016-ல் விடை கண்டுபிடித்துவிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி, ராமானுஜனும் ஆழமாக உழைத்த ஒரு வகைச் சார்புகள். எட்டுப் பரிமாணம் எனக்கே கண்ணில் நிற்காது, பிள்ளைகளுக்கு எப்படி நிற்கும்? ஆனாலும் பழக்கடைக்காரர் அன்று பழம் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அந்தக் கடைக்காரருக்கும் என் நன்றி. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கடையை மறைத்துக்கொண்டு நின்றதற்கு ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை.

இந்தப் பரிசுக்கு உருக்கொடுத்தவர் ஃப்ளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருஷ்ணசாமி அல்லாடி. சென்னையில் கணித அறிவியல் கழகத்தைத் தொடங்கிய அல்லாடி ராமகிருஷ்ணனின் மகன். தேர்வுக் குழுவை வழிநடத்தி வந்தவரும் அவரே. யோசனை ஒருவரிடம் இருக்கலாம், அதற்கு வருடா வருடம் பணமும் இடமும் கொடுத்து, சோர்ந்துபோகாமல் நடத்துவது வேறு காரியம். துணைவேந்தராக இருந்து அதைச் செய்த பேராசிரியர் ஆர். சேதுராமனுக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் தலை வணங்குகிறேன்.

இனி எங்கள் கதை. ஒரு டிசம்பரில், பரிசு வழங்கும் கணிதக் கருத்தரங்கு நடக்கிற நாள்களில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கருத்தரங்குக்கு வந்த வெளிநாட்டுக் கணிதவியலாளர் ஒருவரும் அதே நேரத்தில் வந்தார். வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றி, எங்கள் பிள்ளைகளின் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார். உள்ளே போய் அந்த ஜன்னலருகே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். கூட வந்த பேராசிரியர், நம் ஊர்க்காரர், எங்களைப் பார்த்ததும் நகர்ந்து போகவில்லை. என் வகுப்புப் பெண் ஒருத்தியிடம், "கணக்குல உனக்கு எது புடிக்கும்?" என்று கேட்டார். அவள் பயந்துகொண்டே, "வகுத்தல் புடிக்கும் சார். மீதி வராம இருந்தா" என்றாள்.

அவர் சிரித்துவிட்டு, அப்படியே திண்ணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளிடம் இருந்த புளியங்கொட்டையில் நான்கை வாங்கி வைத்தார். "இதை எத்தனை விதமா கூறு போடலாம்?" நாலும் ஒரே கூறு. மூணும் ஒண்ணும். ரெண்டும் ரெண்டும். ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. தனித்தனியா நாலு ஒண்ணு. ஐந்து விதம். "ஒம்போதை வச்சா முப்பது விதம் வரும். பதினாலுக்கு நூத்தி முப்பத்தஞ்சு. நாலுல ஆரம்பிச்சு அஞ்சஞ்சா கூட்டிக்கிட்டே போ. எவ்வளவு பெரிய எண்ணுக்குப் போனாலும், வர்ற விடையை அஞ்சால வகுத்தா மீதியே வராது. இதைக் கண்டுபிடிச்சவர் இந்தத் திண்ணையில உட்கார்ந்து சிலேட்டுல கணக்குப் போட்டவர்தான்" என்றார். வெளிநாட்டவரும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புளியங்கொட்டையை நகர்த்தினார். அரை மணி நேரம் அந்தப் பெரிய மனிதர்கள் எங்களோடு இருந்தார்கள். அவர்களுக்காகக் கார் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பெண் அன்று ராத்திரியே ஒன்பதைக் கூறு போட உட்கார்ந்தாளாம். மறுநாள் நோட்டைக் கொண்டுவந்தாள். இருபத்தொன்பது இருந்தது. எது விட்டது என்று எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. இரண்டு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே திரிந்தாள். மூன்றாம் நாள் காலை, மணி அடிக்கும் முன்பே ஓடிவந்தாள். "அம்மா மூணு தட்டுல மும்மூணு இட்லி வச்சாங்க டீச்சர். மூணு, மூணு, மூணு!" அவள் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

அந்தப் பேராசிரியருக்கு இந்த மடல் கண்ணில் பட்டால், சார், அந்த முப்பதாவது விடை கிடைத்துவிட்டது என்பதை உங்களுக்குச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. மன்னியுங்கள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கிணற்றை எட்டிப் பார்த்தால் யாருக்கும் பதறும். அவர்கள் ஒரு நாளும் அதட்டியதில்லை. "பத்துப் பத்துப் பேரா வாங்கம்மா, எல்லாருக்கும் காட்டறேன்" என்பார்கள். பூட்டுகிற நேரம் தாண்டிப் போனபோதும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். டவுன் பஸ்ஸில் எங்களுக்காக இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்திய ஓட்டுநர்கள், நடத்துநர்கள், கூலி வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக வந்த தாய்மார்கள், புளியோதரை கட்டிக் கொடுத்த சத்துணவு ஆயா, இவர்கள் இல்லாமல் ஒரு பயணமும் நடந்திருக்காது.

சாஸ்த்ரா வருவதற்கு முன்னால் இந்த விளக்கை அணையாமல் காத்தவர்களையும் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. கடைசி வருடத்தில், உடம்பு முடியாமல் படுத்திருந்தும் ராமானுஜன் எழுதிக் குவித்த தாள்களைப் பத்திரமாக வைத்திருந்தவர் அவர் மனைவி ஜானகி அம்மாள். அவர் காத்துக் கொடுத்ததால்தான் 1976-ல் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் அவற்றில் நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் பட்டன. ஜானகி அம்மாளோ தையல் தைத்துப் பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். அப்புறம் பி.கே. சீனிவாசன். சென்னையில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். ராமானுஜனைத் தெரிந்தவர்களைத் தேடிப் போய்க் கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி, ராயபுரத்தில் ஒரு அருங்காட்சியகமே அமைத்தார். எங்கள் ஜாதி அவர், வாத்தியார் ஜாதி.

பல்கலைக்கழகத்தாரிடம் ஒரே ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு டிசம்பரும் பரிசு பெறுபவர்களை அந்த வீட்டுக்கு அழைத்து வரும்போது, சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளி ஒன்றுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பத்துப் பிள்ளைகள் போதும். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது தற்செயலாகக் கிடைத்தது. மற்ற பிள்ளைகளுக்கும் அது கிடைக்கட்டும். கூட்டி வருவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. புளியங்கொட்டையும் நானே கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
கும்பகோணத்துக் கணக்கு டீச்சர் ஒருத்தி