வெயிலோடு டவரையும் தடுக்கும் ஜன்னல்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் வீட்டைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும் வழிகள் பற்றிச் சென்ற இதழில் படித்தேன். வெப்பம் தடுக்கும் பூச்சுக் கண்ணாடி போடச் சொல்லியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். நாங்கள் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. கட்டுரையில் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஃபிளாட்டின் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடியாக மாற்றிய பிறகு மாலையில் ஹாலில் உட்கார முடிகிறது. ஆனால் போன் பேச முடியவில்லை. ஜன்னலைத் திறந்தால் சிக்னல் மூன்று கோடு, மூடினால் ஒன்று. இத்தனைக்கும் டவர் எதிர்த் தெருவில் கண்ணுக்குத் தெரிகிறது! கம்பெனியைத் திட்டிவிட்டு சிம்மைக்கூட மாற்றினேன். பாவம், அவர்கள் மேல் தப்பில்லை.

இந்தக் கண்ணாடியில் வெள்ளி போன்ற உலோகத்தைத் தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்காகப் பூசியிருப்பார்கள். வெளிச்சத்தை விட்டுவிட்டு வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. செல்போன் அலையையும் அது அப்படியே திருப்பிவிடுகிறது. சாதாரணக் கண்ணாடியில் சிக்னல் சில டெசிபல்தான் குறையும் (அலையின் வலிமை எவ்வளவு குறைகிறது என்பதை டெசிபலில் சொல்வார்கள்). இதில் 20, 30 டெசிபல் போய்விடும். 30 என்றால், வந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது என்று அர்த்தம்.

ஜெர்மனி ரயில்களிலும் இதே தொல்லை. அங்கே ஜன்னல் பூச்சில் லேசரால் மெல்லிய கோடுகள் கீறி அலைக்கு வழி விடுகிறார்கள். நம் ஊரிலும் வெப்பம் தடுக்கும் முன்கண்ணாடி உள்ள சில கார்களில் பூச்சில்லாத ஓர் இடம் விட்டிருக்கும். டோல்கேட்டில் காட்டும் ஃபாஸ்டேக்கும் ரேடியோ அலையில்தான் வேலை செய்கிறது என்பதால் அதை அங்கேதான் ஒட்ட வேண்டும். காருக்குச் சொல்கிறவர்கள் வீட்டு ஜன்னலுக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் வாங்கி மாட்டலாம் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அனுமதியில்லாமல் வைத்தால் அது சட்டவிரோதம். அப்புறம் டவருக்குப் பதில் வீட்டு இன்டர்நெட் வழியாகப் பேச வைக்கும் வைஃபை காலிங்கைப் போனில் ஆன் செய்துகொண்டேன். கரண்ட் போய் மோடம் அணைந்தால் மட்டும் பழையபடி பால்கனிதான்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் இதையும் சேர்த்துவிடுங்கள்: ஆர்டர் கொடுக்கும் முன் பூச்சில் உலோகம் உண்டா என்று கேட்கட்டும். வெயில் அதிகம் படாத பக்கத்தில் ஒரு ஜன்னலையாவது சாதாரணக் கண்ணாடியாக விட்டுவைக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மேடவாக்கம், சென்னை